நீலமும் சிவப்பும் சேருமிடமெல்லாம் வெடிப்பா?

கேள்வி: தருமபுரி பக்கம் மூன்று ஏக்கர் நிலம். போட்ட இரண்டு போரிலும் புகைதான் வந்தது. இப்போது ஒருவர் 5 மீட்டருக்கு ஒன்றாக 24 கம்பி நட்டு, கரன்ட் விட்டு அளந்து, கலர்ப் படம் கொடுத்திருக்கிறார். நீலமும் சிவப்பும் செங்குத்தாகச் சேரும் இடத்தைக் காட்டி, "இதுதான் தண்ணீர் ஓடும் பாறை வெடிப்பு, 900 அடி போடுங்கள்" என்கிறார். நம்பலாமா?

பதில்: 900 அடியை நம்பாதீர்கள். முதல் கம்பிக்கும் கடைசிக் கம்பிக்கும் இடையே 115 மீட்டர். இந்த முறையில் அந்த நீளத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆழம்தான் தெரியும். 23 மீட்டர், அதாவது 75 அடி. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று அந்தப் படத்துக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது.

சரி, அந்தக் கோடு? மண்ணும் பாறையும் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கின்றன என்பதைத்தான் கருவி அளக்கிறது. படம் போடுவது கம்ப்யூட்டர். ஒரே அளவீட்டை ஒரு வகையில் கணக்கிட்டால் எல்லை குழைந்து தெரியும், இன்னொரு வகையில் கணக்கிட்டால் கத்தியால் வெட்டியதுபோல விழும். எந்த எண்ணில் நீலம் முடிய வேண்டும் என்பதையும் படம் போடுபவரே வைக்கிறார். நீலம் என்றால் தடை குறைவு, அவ்வளவுதான். களிமண்ணும் நீலமாகத்தான் வரும்.

ஆகவே பத்திருபது மீட்டர் தள்ளி இன்னொரு வரிசை அளக்கச் சொல்லுங்கள். உண்மையான எல்லை அங்கேயும் தொடரும். காய்ந்த மண்ணில் சரியாகப் பிடிக்காத கம்பியோ, புதைந்த இரும்புக் குழாயோ காட்டிய கோடு பெரும்பாலும் தொடராது. எந்தக் கம்பிகளில் கரன்ட் விட்டு எவற்றில் அளப்பது என்பதில் பல முறைகள் உண்டு. வென்னர் முறையில் அளந்திருந்தால் டைபோல்-டைபோல் முறையிலும் கேளுங்கள். முன்னது படுக்கை அடுக்குகளுக்கு நல்லது, செங்குத்து எல்லைக்குப் பின்னதுதான் கை கொடுக்கும்.

உங்கள் மாவட்டம் என்பதால் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே டோலரைட் டைக்குகள் நிறைய. கறுப்பு கிரானைட் என்று குவாரியில் வெட்டுகிறார்களே, அந்தக் கல்தான். பழைய பாறைக்குள் சுவர்போல எழுந்து நிற்கும். படத்தில் அதன் விளிம்பு கச்சிதமாக விழும். எல்லை நிஜம், ஆனால் அது வெடிப்பு இல்லை. சுவரின் மேலேயே துளைத்தால் பிட் தேயும், தண்ணீர் பெரும்பாலும் வராது. அதே சுவர் நிலத்தடி நீரை மறித்தால், நீர் வந்து சேரும் பக்கம் நல்ல இடம். சுவரே உடைந்து நொறுங்கியிருந்தால் மறிக்காது, அப்போது இந்தக் கணக்கும் பொய்க்கும். நிலத்தில் கறுப்புக் குண்டுக்கற்கள் ஒரே நேர்கோட்டில் கிடக்கின்றனவா என்று நடந்து பாருங்கள். கோட்டின் இருபுறக் கிணறுகளிலும் நீர்மட்டத்தை ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் சுவர் மறிக்கிறது. காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானி ஒன்றைக் குறுக்கே கொண்டுபோனாலும் டைக் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

இப்போது 900 அடிக்கு வருவோம். ரிக் வண்டிக்கு அடிக்கணக்கில் கூலி. நீரோட்டம் பார்ப்பவருக்கு அதில் கமிஷன் இருந்தால் ஆழம் எப்படிக் குறையும்? வண்டியை அவரே பேசி விடுகிறேன் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். போனில் ஒரு நிமிடத்தில் ஆயிரம் அடிப் படம் போடும் சின்னப் பெட்டி வேறு வந்துவிட்டது. அதில் வரும் அடி ஒரு சூத்திரம் சொல்வது, யாரும் இறங்கி அளந்தது இல்லை.

வேளாண்மைப் பொறியியல் துறையில் குறைந்த கட்டணத்தில் அளந்து தருகிறார்கள். ஆனால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் ஏஜென்ட் வண்டியோடு வாசலில் நிற்பார். யார் வேண்டுமானாலும் "நீரோட்டம் பார்க்கப்படும்" என்று போர்டு மாட்டும் நாட்டில் விவசாயிதான் ஏமாளியா? புகைந்த போர்களில் எந்த அடியில் என்ன கல் வந்தது என்று ஊர்தோறும் எழுதி வைத்திருந்தாலே இந்தக் கேள்விகளில் பாதி வந்திருக்காது.

உங்கள் இரண்டு போரிலும் எத்தனை அடியில் கெட்டிப்பாறை வந்தது, கேசிங் எவ்வளவு இறங்கியது என்று எழுதி அவரிடம் கொடுங்கள். படம் அதோடு பொருந்துகிறதா என்று கேளுங்கள். பிரிண்ட் மட்டும் போதாது, அளவீட்டு ஃபைலும், படம் அளவீட்டோடு எவ்வளவு ஒத்துப்போகவில்லை என்று காட்டும் பிழைச் சதவீதமும் வேண்டும். தர மறுத்தால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.