மாஸ்கோவிலிருந்து இரண்டு நாளில் போய்வர, கைத்தொழிலுக்குப் பேர்போன பழைய ரஷ்ய ஊர் எது?

துலா. யோசிக்காமல் சொல்வேன்.

வேலை விஷயமாக மாஸ்கோ வருவதாகவும், ஒரு சனி ஞாயிறு கையில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தேவாலயங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், அந்த மனிதர்கள் கையால் என்னென்ன செய்தார்கள் என்று பார்க்க ஆசை என்கிறீர்கள். இப்படிக் கேட்டால் வழக்கமாக சூஸ்தல், விளாதிமிர் என்றுதான் பதில் வரும். அவை அழகான ஊர்கள். ஆனால் நீங்கள் கேட்டதற்குப் பொருந்துவது துலா. மாஸ்கோவில் மருத்துவம் படித்த ஆறு வருடத்தில் மூன்று முறை அங்கே போயிருக்கிறேன். கடைசி முறை, என் பட்டமளிப்புக்கு வந்த அம்மாவோடு போனேன்.

ரஷ்யர்களிடம் ஒரு பழமொழி உண்டு: "துலாவுக்குச் சொந்த சமோவாரைத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள்." சமோவார் என்பது தேநீருக்கு வெந்நீர் கொதிக்கவைக்கும் பாத்திரம். விடுதியில் என் அறைத்தோழி இதைச் சொல்லிவிட்டு விளக்கத் தொடங்கினாள். பாதியிலேயே புரிந்துவிட்டது என்றேன். கொல்லத் தெருவில் ஊசி விற்பதைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாமே. அதிலும் துலா நிஜமாகவே கொல்லர்களின் ஊர். சுற்றுப்புறத்தில் இரும்புத் தாது கிடைத்தது. 1632-இல் ஆந்திரெய் வினியுஸ் என்ற டச்சு வணிகர் ஜாரிடம் அனுமதி வாங்கி, ஊருக்குப் பக்கத்தில் இரும்பு ஆலை தொடங்கினார். 1712-இல் முதலாம் பீட்டரின் ஆணையால் அரசு ஆயுதத் தொழிற்சாலை வந்தது. உபா ஆற்றுக்கு அக்கரையில் துப்பாக்கி செய்கிற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஊரில் ஆயுதம், சமோவார், அக்கார்டியன் என்று தனித்தனி அருங்காட்சியகங்கள் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் பொருள்கள் மட்டும்தான் தெரியும். துப்பாக்கி செய்த கைதான் மற்றதையும் செய்தது என்று தெரிந்துகொண்டு போனால் ஊரே வேறு மாதிரி தெரியும். சமோவார் பட்டறை வைத்த லிசீத்சின் சகோதரர்களின் அப்பா ஆயுதக் கொல்லர். 1830 வாக்கில் நீஷ்னி நோவ்கரத் சந்தையில் ஓர் அக்கார்டியனை வாங்கிவந்து, அதைப் பார்த்துத் தானும் செய்ய ஆரம்பித்த இவான் சீசவும் ஆயுதக் கொல்லர்தான். எஃகால் செய்த ஒரு சிறு தெள்ளுப்பூச்சிக்கு லாடம் அடித்த இடதுகைக் கொல்லன் கதையை எழுத்தாளர் லெஸ்கவ் 1881-இல் எழுதியபோது, அவனை துலாக்காரனாகத்தான் படைத்தார்.

சரி, சுற்றிப் பார்ப்பதற்கு வருகிறேன்.

முதலில் கிரெம்லின். ரஷ்யா வரும்வரை, கிரெம்லின் என்றால் மாஸ்கோவில் இருப்பது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அது கோட்டைக்கான பொதுப்பெயர். துலா கிரெம்லினை 1514-இல் கல்லால் கட்டத் தொடங்கி 1520-இல் முடித்தார்கள். அடியில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல், மேலே சிவப்புச் செங்கல், ஒன்பது கோபுரங்கள், சுற்றளவு ஒரு கிலோமீட்டர். பொதுவாகக் கோட்டையை மேட்டில் கட்டுவார்கள். இது ஆற்றோரப் பள்ளத்தில் இருக்கிறது. 1552-இல் கிரிமியாவின் தெவ்லெத் கிரெய் கான் முற்றுகையிட்டபோது இந்தச் சுவர்கள் தாங்கின. ஆனால் அதே பள்ளம் 1607-இல் உள்ளே இருந்தவர்களைக் காட்டிக்கொடுத்தது.

அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு சுவர்மேல் நடங்கள். இவான் பலோத்னிகவ் ஒரு பண்ணையடிமை. ஜாருக்கு எதிராகப் பெரும் கலகம் நடத்தி, கடைசியில் இந்தக் கோட்டைக்குள் ஒதுங்கினார். ஜார் வசீலி ஷூய்ஸ்கியின் படை மாதக்கணக்கில் சுற்றி நின்றும் உள்ளே நுழைய முடியவில்லை. அப்போது முரோம் ஊர்க்காரர் ஒருவர் சொன்ன யோசனைப்படி, ஊருக்குக் கீழே உபா ஆற்றின் குறுக்கே அணை கட்டினார்கள். தண்ணீர் ஏறி ஏறிக் கோட்டைக்குள் புகுந்தது. தானியம் நனைந்தது, தெருக்களில் படகு போனது, பசி வந்தது. அக்டோபரில் சரணடைந்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று வாக்குக் கொடுத்த ஜார், மறு வருடமே பலோத்னிகவின் கண்களைக் குருடாக்கி நீரில் மூழ்கடித்துக் கொன்றார். இன்று அந்த ஆற்றங்கரையை நடைபாதையும் பெஞ்சுகளுமாக அழகாக மாற்றியிருக்கிறார்கள். குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஆறு ஒரு பெரிய வாய்க்கால் அகலம்தான் இருக்கும். இதுவா ஒரு கோட்டையை விழவைத்தது என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

கோட்டை வளாகத்துக்குள் போகக் கட்டணம் கிடையாது. சுவர்மேல் நடக்கத்தான் டிக்கெட்.

கோட்டைக்குப் பக்கத்திலேயே, நடக்கிற தூரத்தில் சமோவார் அருங்காட்சியகம். நான் அதிக நேரம் செலவழித்த இடம் இதுதான். சமோவார் என்ற சொல்லுக்கு 'தானே கொதிப்பது' என்று பொருள். நடுவில் ஒரு குழாய், அதற்குள் கரியோ காய்ந்த பைன் காயோ போட்டு எரிப்பார்கள். குழாயைச் சுற்றித் தண்ணீர், கீழே ஒரு திருகு குழாய். உச்சியில் சின்னக் கெட்டிலில் கெட்டியான டிக்காஷன் சூடாக இருக்கும். கோப்பையில் கொஞ்சம் டிக்காஷன் ஊற்றி, கீழேயிருந்து வெந்நீரைப் பிடித்துக் கலந்துகொள்வார்கள். நம் ஊர் டீக்கடைகளில் இருந்த கரி பாய்லரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை, அமைப்பு அதேதான். கேரளாவில் அதற்கு இன்றும் 'சமாவர்' என்றுதான் பேர்.

ரஷ்யாவின் முதல் சமோவார்கள் துலாவில் பிறந்தவை அல்ல. உரால் பகுதியில் 1740-களிலேயே இருந்தன. துலாவில் லிசீத்சின் சகோதரர்களின் பட்டறை வந்தது 1778-இல். ஆனால் பூட்டும் விசையும் செதுக்கிப் பழகிய கைகள் இருந்ததால், அடுத்த நூறு வருடத்தில் துலா எல்லோரையும் முந்திவிட்டது. உடம்பு ஓர் இடத்தில், கைப்பிடி ஒரு கிராமத்தில், குழாய் இன்னொரு கிராமத்தில் என்று செய்து, வண்டியில் ஆலைக்குக் கொண்டுவந்து பொருத்துவார்கள். விற்பதை எடைபோட்டு விற்றார்கள்! நம் பாத்திரக் கடையில் பித்தளைக் குடம் வாங்குவதுபோல. அம்மா மிகவும் ரசித்தது இந்தத் தகவலைத்தான். ஜாடி வடிவம், ஒயின் கிண்ண வடிவம், உருண்டை என்று வரிசையாக நிற்கும் பித்தளையைப் பார்த்து, "இத்தனையையும் புளி போட்டு விளக்க எத்தனை ஆள் வேணும்டி!" என்றார். பதாஷெவ் ஆலை சமோவார்களின் வயிற்றில், கண்காட்சிகளில் வாங்கிய பதக்கங்களை அப்படியே முத்திரையாகப் பதித்திருப்பார்கள். 1909-இல் கடைசி ஜார் இரண்டாம் நிக்கலாயின் ஐந்து பிள்ளைகளுக்காகச் செய்த ஐந்து குட்டி சமோவார்களைத் தவறவிடாதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு வடிவம், உண்மையிலேயே தண்ணீர் கொதிக்க வைக்கலாம். ஒன்பது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளைக் குடும்பத்தோடு சுட்டுக் கொன்றது நினைவுக்கு வந்து, அங்கே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.

ஆயுத அருங்காட்சியகம் பழைய ரஷ்யப் போர்வீரனின் தலைக்கவச வடிவத்தில் கட்டிய பெரிய கட்டடம். துப்பாக்கிகளில் ஆர்வம் இருந்தால் அரை நாள் போகும். எனக்கு இல்லை, அதனால் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். வேட்டைத் துப்பாக்கிகளின் எஃகில் செய்த வேலைப்பாட்டை மட்டும் நின்று பாருங்கள்.

அப்புறம் பிரியானிக். தேனும் மசாலாவும் சேர்த்த மாவை, செதுக்கிய மரப்பலகையில் அழுத்தி எடுத்து, நடுவே பழ ஜாம் வைத்துச் சுட்டு, மேலே சர்க்கரைப் பாகு பூசுவது. துலா பிரியானிக் பற்றிய முதல் எழுத்துக் குறிப்பு 1685-ஐச் சேர்ந்தது. இதற்கென்றே 1996-இல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பிரியானிக்கைவிட அச்சுப் பலகைகள்தான் என்னைக் கட்டிப்போட்டன. பேரி மரம், பிர்ச் மரம் போன்றவற்றின் பலகையைப் பல வருடம் உலரவைத்து, அதில் மயில், மீன், கோட்டை, எழுத்து எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிச் செதுக்கவேண்டும். மாவில் நேராக விழும்.

அந்தப் பெயரும் நமக்குத் தூரத்துச் சொந்தம். பிரியானிக் என்பதன் வேர், மிளகைக் குறிக்கும் பழைய ரஷ்யச் சொல். அது லத்தீன் வழியாகக் கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்கத்துக்குப் போனது 'பிப்பலி' என்ற இந்தியச் சொல், அதாவது நம் திப்பிலி. இதைச் சொன்னதும் அம்மா கையிலிருந்த துண்டை முகர்ந்து பார்த்தார். "மிளகு இல்லை, ஏலக்காய் வாசம்தான் வருது" என்றார். பிரியானிக்கில் பெரும்பாலும் முட்டை சேர்ப்பார்கள். சைவம் என்றால் அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தேன் இருப்பதால் நாள்பட இருக்கும், ஊருக்குத் தாராளமாகக் கொண்டுபோகலாம்.

ஃபிலிமோனவோ பொம்மைகளையும் தேடி வாங்குங்கள். துலா மாகாணத்தில் அதே பெயருள்ள கிராமத்துப் பெண்கள் செய்யும் களிமண் ஊதல்கள். கழுத்து விசித்திரமாக நீண்டிருக்கும். அழகுக்காகச் செய்ததென்று நினைத்தேன், காரணம் மண்ணில் இருக்கிறது. அந்தக் கருநீலக் களிமண் மிகவும் பிசுபிசுப்பானது. உலரும்போது வெடிப்பு விடும். வெடிப்பை அடைக்க ஈரக்கையால் திரும்பத் திரும்ப நீவிவிடுவார்கள். நீவ நீவப் பொம்மை மெலிந்து நீண்டுவிடும். சூளையில் வெந்ததும் கருநீலம் வெள்ளையாகிவிடும். அதன்மேல் சிவப்பு, பச்சை, மஞ்சள் பட்டைகள். முன்பு கோழி இறகால்தான் தீட்டினார்களாம். நான் வாங்கிய பசு இன்னும் என் மேசைமேல் இருக்கிறது. வாலில் ஊதினால் சத்தம் வரும்.

இரண்டாம் நாளை முழுதாக யாஸ்னயா பல்யானாவுக்கு ஒதுக்குங்கள். ஊருக்குத் தெற்கே 14 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது, மர்ஷ்ரூத்கா எனும் மினி வேன்கள் போகின்றன. நாம் டால்ஸ்டாய் என்று எழுதும் நாவலாசிரியர் தல்ஸ்தோய் பிறந்ததும், வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்ததும், 1910-இல் அடக்கமானதும் இந்தப் பண்ணையில்தான். அவர் பிறந்த கறுப்புத் தோல் சோபா வீட்டுக்குள் இருக்கிறது. இங்கேயும் கைத்தொழில் விடவில்லை. பிரபுவாகப் பிறந்த அந்த மனிதர் ஏர் உழுதார், செருப்புத் தைப்பவரிடம் கற்றுக்கொண்டு பூட்ஸ் தைத்தார்.

ஒரு தமிழருக்கு இந்த வீட்டில் இன்னொரு விஷயம் இருக்கிறது. தாரக்நாத் தாஸ் என்ற இந்தியர் எழுதிய கடிதத்துக்கு 1908 டிசம்பரில் தல்ஸ்தோய் இங்கிருந்து நீண்ட பதில் எழுதினார். அதில் ஒரு பகுதியின் தலைப்பில் திருக்குறளை மேற்கோளாக வைத்தார். இன்னா செய்யாமை அதிகாரம். 'இன்னாசெய்தாரை ஒறுத்தல்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அந்தக் குறள் அதில் இருக்கிறது. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் காந்தி 1909-இல் லண்டனிலிருந்து அவருக்கு எழுதினார். மறு வருடம் ஜோகன்னஸ்பர்க் அருகே அமைந்த பண்ணைக்கு தல்ஸ்தோய் பெயரையே வைத்தார்கள். அங்கே தங்கிய சத்தியாகிரகக் குடும்பங்களில் தமிழர்கள் நிறைய. வீட்டின் புத்தக அலமாரிகள் முன்னால் நின்று இதை அம்மாவிடம் சொன்னபோது, அவர் அந்தக் குறளை முழுதாகச் சொன்னார். பக்கத்திலிருந்த ரஷ்யப் பாட்டி ஒருவர் என்ன மொழி என்று கேட்டார். பொருளை எனக்குத் தெரிந்த ரஷ்யனில் சொன்னேன். "மெதுவாக இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

கல்லறைக்குக் காட்டுக்குள் கொஞ்சம் நடக்கவேண்டும். சிலுவை இல்லை, பெயர் இல்லை. புல் மூடிய ஒரு நீள மேடு, அவ்வளவுதான். சிறுவயதில் அண்ணன் நிக்கலாய், எல்லோரையும் சந்தோஷமாக வைக்கும் ரகசியம் எழுதிய பச்சைக் குச்சி ஒன்று அந்தக் காட்டுப் பள்ளத்தின் ஓரத்தில் புதைந்திருப்பதாகச் சொன்னாராம். தன்னை அங்கேயே புதைக்கச் சொன்னார் தல்ஸ்தோய்.

சில நடைமுறை விஷயங்கள். மாஸ்கோ குர்ஸ்கி நிலையத்திலிருந்து வேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். திங்கட்கிழமை போகாதீர்கள், பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். முதல் தடவை நான் அப்படித்தான் போய், சாத்திய கதவுகளைப் பார்த்துவிட்டு வந்தேன். பழைய சமோவார் வாங்க ஆசைப்பட்டால், கடையிலேயே தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். நான் ஒரு கடையில் நம்பி வாங்கியது அடியில் ஒழுகியது. நூற்றாண்டு பழமையானதென்றால் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக அனுமதிச் சான்று கேட்பார்கள், அதனால் புதிதே நல்லது. வீட்டில் ஏற்றும்போது தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் நெருப்புப் போடவேண்டும். மாற்றிச் செய்தால் ஈயப்பற்று உருகி, குழாய் கழன்று கையோடு வந்துவிடும். ஞாயிறு மாலை மாஸ்கோ திரும்பும் ரயில்களில் இடம் கிடைப்பது சிரமம். போகும்போதே திரும்புவதற்கும் டிக்கெட் எடுத்துவிடுங்கள்.