வில் வேட்டைக்கு எந்த ரேஞ்ச்ஃபைண்டர்? வீட்டில் கிடக்கும் கோல்ஃப் கருவி போதுமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் இருக்கிறேன். வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து, கப்பி வைத்த காம்பவுண்ட் வில் வாங்கி, கோடை முழுக்கப் பழகியாயிற்று. அக்டோபரில் முதல் தடவையாக மான் வேட்டைக்கு மரத்தில் ஏறி உட்காரப் போகிறேன். கடையில் 3,000 கெஜம் வரை அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரை (லேசரை அனுப்பித் தூரம் அளக்கும் கைக்கருவி) 450 டாலருக்குக் காட்டுகிறார்கள், 170 டாலரிலும் ஒன்று இருக்கிறது. கோல்ஃபுக்காக வாங்கியது ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. அதையே கொண்டுபோனால் ஆகாதா?

ஆகும், ஆனால் அதில் ஒரு வசதியை அணைத்துவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 3,000 கெஜம்.

பெட்டியில் போட்டிருக்கும் எண், லேசரை நன்றாகத் திருப்பி அனுப்பும் பளபளப்பான பலகையை வைத்துச் சொன்னது. மான் ரோமம் அப்படித் திருப்பி அனுப்பாது, அந்த எண்ணில் பாதி கிடைத்தாலே பெரிது. சரி, முழுசாகவே கிடைத்தாலும் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? விடப்போவது அம்பு. பென்சில்வேனியாக் காட்டில் மரத்தில் உட்கார்ந்து வெண்வால் மானைக் குறிவைக்கிறவர்கள் பெரும்பாலும் 15லிருந்து 30 கெஜத்துக்குள்தான் அம்பு விடுவார்கள், முதல் வருடத்தில் நீங்கள் 25க்கு மேல் யோசிக்கவே வேண்டாம். அந்த 3,000க்குக் கொடுக்கும் காசு தூரத்துத் துப்பாக்கிக்காரர்களுக்கான காசு.

அப்படியானால் இவ்வளவு கிட்டத்தில் கருவி எதற்கு, கண்ணாலேயே மதிப்பிடலாமே என்று தோன்றும். நொடிக்கு 280 அடி வேகத்தில் போகும் அம்பை எடுத்துக்கொள்ளுங்கள். மான் 30 கெஜத்தில் நிற்கிறது என்று நினைத்து வில்லில் 30 கெஜத்துக்கென்று இருக்கும் குறிபார்க்கும் ஊசியை (பின்) வைத்து விடுகிறீர்கள், உண்மையில் அது 35ல் நிற்கிறது. அம்பு சுமார் 4 அங்குலம் கீழே போய்விடும். இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் எட்டு, பத்து அங்குல வட்டம்தான், அதன் நடுவைக் குறிவைத்தவருக்கு 4 அங்குலம் என்பது வட்டத்தின் விளிம்பு. காலை வெளிச்சத்தில், மரங்களுக்கு நடுவே, நெஞ்சு படபடக்கும்போது 5 கெஜம் தப்பாகக் கணிப்பது மிகச் சாதாரணம். காயப்பட்ட மானை இரவெல்லாம் டார்ச் அடித்துத் தேடியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆக உங்களுக்கு வேண்டியது கிட்டத்தில் சரியாக, சீக்கிரமாக, மங்கலான வெளிச்சத்தில் எண் காட்டும் கருவி. இதில் கடைசி விஷயத்தைத்தான் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் கடையில் குழல்விளக்கு எரிகிறது. என் முதல் கருவியில் எண்கள் கறுப்பாகத் தெரியும். பகலில் அருமை. நவம்பரில் ஒரு சாயங்காலம், சூரியன் விழுந்து கால் மணி ஆகியிருக்கும், ஓக் மரத்தடியில் பெட்டை மான் ஒன்று வந்து தலை குனிந்து மேய்கிறது. கருவியை எடுத்து அழுத்துகிறேன், கறுத்த அடிமரத்தின் மேல் கறுப்பு எண். 24ஆ, 34ஆ தெரியவில்லை. வானத்தை நோக்கித் தூக்கினால் எண் தெரியும் என்று தூக்கினேன், அதற்குள் எண் அணைந்துவிட்டது. இரண்டாவது தடவை தூக்கியபோது மான் நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் வால் மட்டும்தான் தெரிந்தது. மான் நடமாட்டம் அதிகம் இருப்பதே விடியலிலும் அந்தியிலும்தான், ஆகவே சிவப்பு எழுத்தில் எண் காட்டுவதாக, அதன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிவதாகப் பாருங்கள். குறைக்க முடியாவிட்டால் அந்தியில் அந்தச் சிவப்பே கண்ணைக் கூசவைத்து மானை மறைத்துவிடும். வாங்கும் முன் கருவியைக் கடைக்கு வெளியே எடுத்துப்போய், முடிந்தால் பொழுது சாயும் நேரத்தில், நிழலில் இருக்கும் ஏதாவது ஒன்றைப் பாருங்கள்.

உருப்பெருக்கம் 6 மடங்கு வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். 4 மடங்கே 30 கெஜத்துக்குத் தாராளம், பார்க்கும் பரப்பும் அகலமாக இருக்கும், மானைத் தேடித் துழாவ வேண்டியதில்லை.

இப்போது கோல்ஃப் கருவி. அதில் 'ஸ்லோப்' என்று ஒன்று இருக்கும். மேட்டை நோக்கி அடித்தால் தூரத்தைக் கூட்டிச் சொல்லும், பள்ளத்தை நோக்கி என்றால் குறைத்துச் சொல்லும். பந்துக்கு அது சரி. அம்புக்கு மேடானாலும் பள்ளமானாலும் கணக்கு ஒரே பக்கம்தான்: குறைத்துத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் அம்பு எவ்வளவு தாழும் என்பதைத் தீர்மானிப்பது கிட்டத்தட்ட கிடைமட்டத் தூரம். சரிவில் உங்களுக்கு மேலே, 35 கெஜத்தில் மான் நிற்கிறது என்றால் கோல்ஃப் கருவி 40 என்று சொல்லக்கூடும், அதை நம்பி விட்டால் அம்பு 4 அங்குலம் மேலே போகும். ஆகவே ஸ்லோப்பை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகும் ஒரு குறை உண்டு. கோல்ஃப் கருவி, கொடிக்கம்பத்தைப் பிடிப்பதற்காக, முன்னால் இருக்கும் பொருளுக்கே முதலிடம் கொடுக்கும். காட்டில் முன்னால் இருப்பது குச்சி. மான் 27ல் நிற்க, கருவி 14 என்று ஓர் இலையின் தூரத்தைச் சொல்லும். வேட்டைக்கென்று செய்தவற்றில் பின்னால் இருப்பதைப் பிடிக்கும் முறையும் இருக்கும், புதர்க்காட்டில் அது பெரிய உபகாரம்.

வேட்டைக் கருவிகளில் கோணத்தைக் கணக்கிட்டுக் கிடைமட்டத் தூரம் சொல்லும் வசதிக்கு புஷ்னெல் நிறுவனம் ஏ.ஆர்.சி. என்று பெயர் வைத்திருக்கிறது, வோர்டெக்ஸ் எச்.சி.டி. என்கிறது, லூபோல்ட் டி.பி.ஆர். என்கிறது. இதை வைத்துத்தான் விலையை ஏற்றுவார்கள். ஆனால் 20 அடி உயரப் பரணிலிருந்து 20 கெஜத்தில் நிற்கும் மானை அளந்தால் லேசர் காட்டுவது 21. வித்தியாசம் ஒரே ஒரு கெஜம்! மேற்கே கொலராடோ மலைகளில் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகிறவருக்குக் கதை வேறு, 30 டிகிரிச் சரிவில் 40 என்று காட்டுவது உண்மையில் 35க்கும் கொஞ்சம் குறைவு. உங்கள் ஊர்ப் பரணுக்கு அந்த வசதி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் மோசமில்லை. இப்போதெல்லாம் 170 டாலர் கருவிகளிலேயே பெரும்பாலும் இருக்கிறது.

என் யோசனை, 170 டாலர் கருவி. சிவப்பு எழுத்து, கோண வசதி, பொத்தானை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து அளந்துகொண்டே இருக்கும் முறை, இந்த மூன்றும் அதில் இருந்தால் யோசிக்காமல் எடுங்கள். மூன்றில் எழுத்து மட்டும் கறுப்பு என்றால் இன்னும் 60, 70 டாலர் போட்டு வேறு பாருங்கள். மிச்சக் காசுக்கு நல்ல பாதுகாப்புப் பட்டை வாங்குங்கள், பரணிலிருந்து விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாங்கி வந்ததும் அளவு நாடாவை வைத்து 20, 30, 40 கெஜத்தில் அடையாளம் போட்டுச் சரிபாருங்கள். அலகு மீட்டரில் இருக்கிறதா என்றும் பாருங்கள், 30 மீட்டர் என்பது கிட்டத்தட்ட 33 கெஜம். பரணில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலை, சுற்றியிருக்கும் மரம், பாறை, விழுந்த கட்டை எல்லாவற்றையும் அளந்து மனதில் பதித்துக்கொள்வது. மான் வந்த பிறகு கையை அசைக்கவே கூடாது என்பதுதான் நோக்கம். அது அந்த வளைந்த மேப்பிளுக்கு இந்தப் பக்கம் நின்றால் 22க்குள் என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும். மெஷ் போட்ட கூடாரத்துக்குள் உட்கார்ந்தால் வலையை விலக்கித்தான் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் லேசர் வலையிலேயே பட்டுத் திரும்பும். அடர்ந்த மூடுபனியிலும் இதே கோளாறு.

தூரத்தையும் அளந்து குறியும் காட்டும், வில்லிலேயே பொருத்தும் ரேஞ்ச்ஃபைண்டர் சைட்டையும் கடையில் காட்டியிருப்பார்கள். வில்லில் மின்னணுக் கருவி மாட்டுவதைச் சில மாநிலங்கள் அனுமதிப்பதில்லை. உங்கள் மாநில வேட்டைத் துறையான கேம் கமிஷனின் இந்த வருட விதித்தொகுப்பைப் படிக்காமல் அதில் கை வைக்காதீர்கள்.

உறை வாங்கும்போது வெல்க்ரோ வேண்டாம், காந்த மூடி போட்டதாகப் பாருங்கள். அமைதியான காட்டில் வெல்க்ரோவைப் பிரிக்கும் சத்தம் துணி கிழிகிற மாதிரி கேட்கும். பேட்டரி பெரும்பாலும் சி.ஆர்.2 ரகம், வழியில் இருக்கும் பெட்ரோல் பங்கில் அது கிடைக்கும் என்று நம்பாதீர்கள். ஒன்று கூடுதலாக வாங்கிச் சட்டையின் உள்பையில் போட்டுக்கொள்ளுங்கள், குளிரில் வெளியே கிடந்தால் அதுவும் சோர்ந்துவிடும்.