கேளுங்கள், வாத்தியார் சொல்கிறார்

கேள்வி: ஐயா, இங்கே கரண்ட் போனால் ஜெனரேட்டர்தான் கதி. போன வாரம் வாங்கிய டீசலில் அடியில் தண்ணீர் நிற்கிறது. மண்ணெண்ணெயும் கலந்திருக்கிறது என்கிறார் மெக்கானிக். ஏழாவது படிக்கும் என் மகனோ, "உப்பையும் மணலையும் பிரிக்கிற மாதிரி இதையும் பிரித்துவிடலாம்மா" என்கிறான். முடியுமா?
- ஒரு வாசகி, மோல்மேன், பர்மா

பதில்: தண்ணீரைப் பிரிக்கலாம் அம்மா. மண்ணெண்ணெயை விட்டுவிடுங்கள்.

உப்பு தண்ணீரில் கரையும், மணல் கரையாது. அந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் கரைக்கிறோம், வடிகட்டுகிறோம், வற்றவைக்கிறோம். எந்தக் கலவையைக் கொண்டுவந்தாலும், "இரண்டும் எதில் வேறுபடுகிறது?" என்றுதான் பிள்ளைகளிடம் முதலில் கேட்பேன். முறைகளின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவன் பரீட்சையில் தப்பித்துவிடுவான். டீசல் தகரத்தின் முன்னால் முழிப்பான்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் டீசல் ஏறக்குறைய 830 கிராம்தான். இரண்டும் ஒன்றில் ஒன்று கரைவதும் இல்லை. தகரத்தை ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் மேலே இருப்பதைக் கைப்பம்பு வைத்து மெதுவாக இறக்குங்கள். அடியில் நாலு விரற்கடை போனால் போகட்டும். குழாயை வாயால் மட்டும் உறிஞ்சாதீர்கள். பள்ளி லேபில் இதே வேலையை, அடியில் திருகுக் குழாய் வைத்த பிரிபுனல் செய்கிறது.

மண்ணெண்ணெய் சமாசாரம் வேறு. அதுவும் டீசலும் ஒரே கச்சா எண்ணெயின் பிள்ளைகள். மண்ணெண்ணெய் சுமார் 150 முதல் 275 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும், டீசல் சுமார் 200 முதல் 350 வரை. நடுவில் இரண்டும் சேர்ந்தே ஆவியாகும் என்பதால், கொதிநிலை வித்தியாசத்தை வைத்துப் பிரிக்கும் பின்னக் காய்ச்சி வடித்தலிலும் பழையபடி தனித்தனியாக வராது. அடுப்பில் ஏற்றிப் பார்க்கலாம் என்று மகன் கிளம்பினால் காதைத் திருகுங்கள், தீப்பிடிக்கும். மண்ணெண்ணெய்க்கு வழவழப்பு குறைவு, டீசலை இன்ஜினுக்குள் செலுத்தும் இன்ஜெக்ஷன் பம்பு தேய்ந்துபோகும். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும் வேலைக்கென்றே ரங்கூனுக்குப் பக்கத்தில் நம் சிரியத்தில் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. வடக்கே யேனாஞ்சாங் ஊர்க் கிணறுகளில் எடுத்த கச்சா எண்ணெய் அங்கே குழாய் வழியாக வந்து சேர்ந்தது. நம்மவர்களும் தெலுங்கர்களும் நிறையப் பேர் அங்கே உழைத்தார்கள். அந்த எண்ணெயில் மெழுகு அதிகம். காய்ச்சிப் பிரித்த பிறகு கனமான பகுதியைக் குளிரவைப்பார்கள். மெழுகு உறையும், அழுத்தி வடித்தால் எண்ணெய் வெளியேறிவிடும். சூடாக்கிப் பிரிப்பதைச் சொல்லும் பாடப்புத்தகம் குளிரவைத்துப் பிரிப்பதை ஏன்தான் ஒரு வரியில் முடிக்கிறதோ! ரங்கூன் மெழுகுவர்த்தி அப்படி வந்ததுதான். 1942-ல் ஜப்பான்காரன் கைக்குப் போகக்கூடாது என்று பிரிட்டிஷாரே ஆலையைத் தகர்த்தார்கள்.

கேள்வி: உப்புத் தண்ணீரை நல்ல துணியில் பலமுறை வடிகட்டினால் குடிக்கலாமா சார்?
- ஒரு மாணவர், பத்தேன்

பதில்: நூறு முறை வடிகட்டினாலும் கரிக்கும், தம்பி. கரைந்த உப்பு வடிதாளிலேயே நிற்காது, துணியில் எங்கே நிற்கும்? கொதிக்கவைத்து ஆவியைப் பிடித்துக் குளிரவைக்க வேண்டும். சட்டி மூடியின் உள்பக்கம் சேரும் துளியை ஆறவிட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்பே இருக்காது.