18,000 ரூபாய்க்கு ஐ7 லேப்டாப் தருகிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறாள். லேப்டாப்புக்கு 25,000 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. அந்த விலைக்கு ஷோரூமில் காட்டிய புது லேப்டாப் திறக்கவே திணறியது. தெரிந்தவர் ஒருவர் சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் வாங்கச் சொல்கிறார். போன் செய்து விசாரித்த ஒரு கடையில் "ஐ7 இருக்கு சார், 18,000 ரூபாய்" என்கிறார்கள். நம்பி வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்? (திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: செகண்ட் ஹேண்ட் வாங்கலாம், உங்கள் பட்ஜெட்டுக்கு அதுதான் சரி என்றே சொல்வேன். ஆனால் அந்த 18,000 ரூபாய் ஐ7-ஐ முழு நம்பர் தெரியாமல் வாங்காதீர்கள்.

ஐ7 என்பது இன்டெல் கம்பெனியின் பிராசஸருக்கு, அதாவது லேப்டாப்பின் மூளைக்கு, பாதிப் பெயர்தான். கோடு போட்டு அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் விஷயமே இருக்கிறது. உதாரணத்துக்கு, ஐ7-6600யூ என்று ஒன்று உண்டு, 6ஆம் தலைமுறை பிராசஸர், உள்ளே இரண்டே கோர்கள் (ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்). ஐ5-8250யூ என்று இன்னொன்று, 2017-இல் வந்த 8ஆம் தலைமுறை, நான்கு கோர்கள். பேரில் ஐ5 என்று சின்னதாகத் தெரிகிற இரண்டாவதுதான் வேலையில் பெரியது, ஏனென்றால் இன்டெல் தன்னுடைய மெல்லிய லேப்டாப் பிராசஸர்களில் இரண்டு கோர்களை நான்காக்கியது அந்த 8ஆம் தலைமுறையில்தான். இதைத் தெரியாமல் "ஐ7 கிடைத்தது" என்று சந்தோஷமாக வாங்கி வந்தவர்களின் லேப்டாப்புகளை நான் நிறையப் பழுது பார்த்திருக்கிறேன். அப்புறம், எண்ணைப் படிப்பதில் ஒரு சின்னக் குழப்பம் வரும்: 8250 என்றால் 8ஆம் தலைமுறை, ஆனால் 10210 என்றால் 10, 1135ஜி7 என்றால் 11. முதல் எண் ஒன்று என்பதால் முதல் தலைமுறை என்று நினைத்து நல்ல லேப்டாப்பை விட்டுவிடாதீர்கள்.

8ஆம் தலைமுறைக்குக் கீழே போகவே வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல்லில் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும் (7-இல் ஓரிரண்டு விதிவிலக்குகள் தவிர). ஏஎம்டி கம்பெனியின் ரைசன் பிராசஸர் என்றால் 2000 வரிசைக்கு மேல், அதிலும் எல்லா மாடலும் வராது. பழைய பிராசஸரிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிற கடைகள் உண்டு. திரையில் 11 ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போய் பிராசஸரின் முழுப் பெயரை உங்கள் கண்ணால் படியுங்கள்.

சரி, எந்த மாடல் கேட்பது? ஐடி கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழிக்கிற பிசினஸ் லேப்டாப்புகளைக் கேளுங்கள்: லெனோவோ திங்க்பேட் டி480, ஹெச்பி எலைட்புக் 840 ஜி5, டெல் லேட்டிட்யூட் 5490. மூன்றும் 8ஆம் தலைமுறையில் கிடைக்கும், உடம்பு உறுதி, உதிரிபாகம் கிடைக்கும், மூன்றிலும் ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) போட இரண்டு ஸ்லாட் இருப்பதால் இப்போது 8 ஜிபி-யுடன் வாங்கிப் பிறகு 16 ஆக்கிக்கொள்ளலாம். திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் பார்க்க மெலிதாக அழகாக இருக்கும், கடைக்காரர் அதைத்தான் முதலில் நீட்டுவார். ஆனால் அதில் ரேம் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும், கூட்ட முடியாது. மகள் பைத்தான், ஜாவா படிக்கிற வரை 8 ஜிபி போதும். போன் ஆப் உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ பக்கம் போனால் 16 இல்லாமல் நிம்மதி இருக்காது. சேமிப்புக்குப் பழைய ஹார்டு டிஸ்க் இருக்கிற லேப்டாப் வேண்டவே வேண்டாம், அதைவிட வேகமான எஸ்எஸ்டி 256 ஜிபி-யாவது இருக்கட்டும்.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம், இதில் எனக்கே வருத்தமான அனுபவம் உண்டு. என் அக்கா மகன் ஒரு கடையில் நல்ல லேப்டாப் வாங்கினான், ஆறு மாதம் பிரச்சினையே இல்லை. ஒரு நாள் விண்டோஸை ரீசெட் செய்தான் (எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஆரம்பிப்பது), நெட்டை இணைத்ததும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி ஊழியர் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் கேட்டது. அந்தக் கம்பெனி தன் லேப்டாப்புகளின் பட்டியலிலிருந்து அதை நீக்காமலே விற்றிருக்கிறது. கடைக்காரர் கைவிரித்துவிட்டார். அதனால் வாங்கும் முன்பே, கடையிலேயே, ரீசெட் செய்து, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, அந்தத் திரை வருகிறதா என்று பாருங்கள். அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஆகும், ஆகட்டும். மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். அதோடு பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புக்குள், போய்ப் பாருங்கள் (லேப்டாப் ஆன் ஆகும்போது அழுத்த வேண்டியது லெனோவோவில் எஃப்1, டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10). பாஸ்வேர்டு கேட்டால் அந்த லேப்டாப்பை அங்கேயே வைத்துவிடுங்கள். திங்க்பேடில் அந்தப் பாஸ்வேர்டு மறந்துபோனால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் லெனோவோவின் பதில்.

பேட்டரிக்கு "பேட்டரி ரிப்போர்ட்" எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், விண்டோஸிலேயே அந்த வசதி இருக்கிறது, எல்லாக் கடைக்காரருக்கும் தெரியும். அதில் டிசைன் கெபாசிட்டி (புதிதில் இருந்த அளவு) என்று ஒரு எண்ணும் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது பிடிக்கிற அளவு) என்று ஒரு எண்ணும் இருக்கும். இரண்டாவது முதலாவதில் முக்கால் பங்கு இருந்தால் நல்லது, பாதியை நெருங்கினால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள் அல்லது மாற்றித் தரச் சொல்லுங்கள். நூற்றுக்கு நூறு காட்டினால் பேட்டரி புதிதாக மாற்றப்பட்டிருக்கலாம், அது கம்பெனி பேட்டரியா லோக்கலா என்று கேளுங்கள். டி480-இல் பெரும்பாலும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பேட்டரி இருக்கும், இரண்டையும் பாருங்கள்.

திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்தால் புள்ளிகளும் திட்டுகளும் தெரிந்துவிடும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது நிறம் வெளிறிப்போனால் மட்டமான பேனல், மகள் நாளெல்லாம் உற்றுப் பார்க்கப்போகிற திரை அது, 1920க்கு 1080 ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் வெளிறாத வகை) திரையாகக் கேட்டு வாங்குங்கள். நோட்பேடில் ஒவ்வொரு கீயையும் தட்டிப் பாருங்கள். கீல் தளர்ந்திருக்கிறதா, எல்லா யுஎஸ்பி-யும் வேலை செய்கிறதா (ஒரு பென்டிரைவ் கொண்டுபோங்கள்), கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் சரிதானா என்று பாருங்கள். இருபது நிமிடம் யூடியூப் ஓட விடுங்கள், ஃபேன் அலறினாலோ தானாக அணைந்தாலோ வேண்டாம்.

விண்டோஸ் செட்டிங்ஸின் ஆக்டிவேஷன் பக்கத்தில் "டிஜிட்டல் லைசென்ஸ்" என்று இருந்தால் நல்லது. நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை என்று ஏதாவது வந்தால் திருட்டு விண்டோஸ் ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம். எம்எஸ் ஆஃபீஸை இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இலவசமாகவே கிடைக்கிற லிப்ரே ஆஃபீஸ் போதும், கல்லூரி மின்னஞ்சல் வந்ததும் அதில் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் கிடைக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பில் கட்டாயம் வாங்குங்கள், அதில் லேப்டாப்பின் சீரியல் நம்பரும் எத்தனை மாத வாரண்டி என்பதும் எழுதியிருக்க வேண்டும். வாய்ச்சொல் வாரண்டிக்காக நீங்கள் திண்டுக்கல்லிலிருந்து மறுபடி சென்னை வர முடியாது. அதனால் முதலில் திண்டுக்கல்லிலோ மதுரையிலோ இதே மாடல்கள் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள், ஆயிரம் இரண்டாயிரம் கூட இருந்தாலும் பக்கத்துக் கடைக்கே என் ஓட்டு. போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், கீபோர்டு அவள் விரலுக்குப் பிடிக்க வேண்டும்.