அரசு மருத்துவமனைக் கட்டுமானம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கிண்டி உயர்சிறப்பு மருத்துவமனை பதினைந்து மாதங்களில் எழுந்தது. மதுரை எய்ம்ஸுக்கு மட்டும் ஏன் இத்தனை ஆண்டுகள்?

பதில்: இரண்டு அடிக்கல்களும் ஒரே கட்டத்தில் நாட்டப்படவில்லை. கிண்டியில் கிங் நிலைய வளாகத்திலேயே நிலம் இருந்தது, பணம் மாநில அரசுடையது, கட்டியது பொதுப்பணித்துறை. எனவே 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டிய 1,000 படுக்கை மருத்துவமனையை 2023 ஜூன் 15 அன்று திறக்க முடிந்தது. மதுரை எய்ம்ஸ் அமையும் தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டு விழா நடந்தது. அதற்குக் கடன் தரும் ஜப்பானிய அரசு நிறுவனமான ஜைக்காவுடனான ஒப்பந்தமோ 2021 மார்ச்சில்தான் கையெழுத்தானது. முதன்மைக் கட்டடப் பணி தொடங்க 2024 ஆயிற்று. ஆண்டுகள் கழிந்தது கொத்தனார் வேலையில் அன்று, அதற்கு முந்தைய ஏற்பாடுகளில்.

கேள்வி: எங்கள் ஊர் மருத்துவமனைக்கு வர்ணம்கூடப் பூசியாகிவிட்டது. இன்னும் ஏன் திறக்கவில்லை?

பதில்: உங்கள் ஊர்க் கட்டடத்தைப் பார்க்காமல் காரணம் சொல்வது முறையாகாது. ஆயினும் வர்ணம் பூசியபின்தான் மருத்துவமனைக்கே உரிய வேலை தொடங்குகிறது: ஆக்சிஜன் குழாய் கசிகிறதா, வேறு வாயுக் குழாயோடு மாறி இணைந்திருக்கிறதா, மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் உடனே சுமையை ஏற்கிறதா, அறுவை அரங்கின் காற்றோட்டம் சரியா என்று ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். எடின்பரோ நகரின் குழந்தைகள் மருத்துவமனை 2019 பிப்ரவரியில் ஒப்படைக்கப்பட்டு, மாதம் சுமார் 14 லட்சம் பவுண்டு கட்டணமும் செலுத்தப்பட்டு வந்த நிலையில், நோயாளிகள் குடிபெயரச் சில நாள்களே இருந்தபோது, தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்குப் பத்து முறை மாற வேண்டிய காற்று நான்கு முறை மட்டுமே மாறுவது தெரியவந்தது. 2012-இல் தயாரான ஓர் அட்டவணையில் புகுந்த பிழை ஏழு ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் கட்டடமாகவே எழுந்துவிட்டது. மருத்துவமனை முழுமையாகத் திறக்க 2021 மார்ச் ஆயிற்று. அந்தக் கடைசிச் சோதனையைத் தவிர்த்திருந்தால், விலை கொடுத்திருப்பவர்கள் குழந்தைகள். ஆகவே திறப்பு விழாத் தேதிக்காகச் சோதனை நாள்களைக் குறைக்க எந்தப் பொறியாளரும் இசையக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கேள்வி: மதிப்பீடு பாதியில் ஏறுவதைத் தடுக்க வழி உண்டா?

பதில்: பெருமளவு உண்டு. டப்ளின் குழந்தைகள் மருத்துவமனையில், விரிவான வடிவமைப்பு முடியுமுன்பே ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுத்தார்கள், 2017-இல் 98.3 கோடி யூரோவாக இருந்த மதிப்பீடு அடுத்த ஆண்டே 143.3 கோடியாயிற்று. ஒப்பந்தப்புள்ளி கோருமுன், ஒவ்வோர் அறையின் வரைபடத்திலும் அங்கே பணிபுரியப்போகும் மருத்துவரும் செவிலியரும் கையொப்பமிட வேண்டும்.