புயலுக்குப் புயல் மின்கம்பம் சாய்கிறதே, எல்லாவற்றையும் கேபிளாகப் புதைத்துவிட்டால் தீராதா?

நகரத்துக்குள் ஓரளவு தீரும். வயல்வெளியில் ஓடும் கிராமத்து லைனுக்குத் தீராது. கேள்வியின் இரண்டாம் பாதியில், “கஜா புயலில் ஒரே இரவில் ஒரு லட்சம் போஸ்ட் விழுந்தது என்றால் அவ்வளவு மட்டமாகவா நட்டிருந்தார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் என்ன செய்யலாம் என்பதற்கான விடை எது முதலில் விழுந்தது என்பதில்தான் இருக்கிறது.

கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறியது. காற்று மணிக்கு 120 கிமீ என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அது விநாடிக்கு 33 மீட்டர். காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், அதை 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 667 நியூட்டன், அதாவது சுமார் 68 கிலோ. 11 கேவி (11,000 வோல்ட்) லைனில் மூன்று கம்பிகள், ஒவ்வொன்றும் 10 மிமீ விட்டம் (‘ராபிட்’ என்று சொல்லும் கம்பி), போஸ்டுக்குப் போஸ்ட் 60 மீட்டர். கம்பிகள் மேல் மட்டும் 125 முதல் 150 கிலோ வரை விசை விழும். போஸ்டின் உடம்பில் படும் காற்றையும் உச்சிக்குக் கணக்கிட்டுச் சேர்த்தால் மொத்தம் 220 கிலோ வரலாம். 9 மீட்டர் பிஎஸ்சி (முன்இறுக்கக் கான்கிரீட்) போஸ்டின் வேலைச் சுமை, அதாவது தாராளமாகத் தாங்கும் சுமை, 300 கிலோ. முறிய அதைப்போல இரண்டு மடங்காவது வேண்டும். காற்று 180 கிமீ ஆனாலும் விசை 495 கிலோதான். ஆகவே, ஒழுங்காக வார்த்து நட்ட போஸ்டைக் காற்று மட்டும் முறித்திருக்கக் கூடாது.

முறித்தது பெரும்பாலும் மரம். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் லைன்கள் தென்னந்தோப்புகளை ஒட்டியும் ஊடேயும் போகின்றன. மழைக்கு முன் கிளை கழிக்கும் வேலை புளிக்கும் வேம்புக்கும் சரி. தென்னைக்குக் கழிக்க என்ன இருக்கிறது? 20 மீட்டர் உயரத் தென்னை, 7 மீட்டர் உயரத்தில் போகும் கம்பியிலிருந்து 18 மீட்டர் தள்ளி நின்றாலும் வேரோடு சாய்ந்தால் தலை கம்பியில்தான் விழும். லைனுக்கு இரு பக்கமும் 18 மீட்டர் தோப்பை வெட்டச் சொல்ல யாராலும் முடியாது. லைன் போகும் பாதையை மாற்றலாம் அல்லது கம்பியின் வகையை மாற்றலாம், அவ்வளவுதான் வழி.

அடுத்தது மண். நவம்பர் மாத டெல்டாவில் சம்பா வயலில் தண்ணீர் நிற்கும். போஸ்ட் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. 9 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர். உலர்ந்த மண்ணில் அது போதும். ஊறிய களிமண்ணில் போஸ்ட் முறியாமல் அப்படியே திரும்பிப் படுத்துவிடும். விழுந்த போஸ்டைப் பார்த்தாலே காரணம் தெரியும்: தரை மட்டத்தில் முறிந்திருந்தால் சுமை, முழுசாகச் சாய்ந்திருந்தால் குழி.

மூன்றாவதுதான் ஆயிரத்தை லட்சமாக்குவது. பிஎஸ்சி போஸ்ட் லைனுக்குக் குறுக்கே வரும் காற்றுக்காகச் செய்யப்பட்டது. லைன் போகும் திசையில் அதன் கால்பங்கு வலு இருந்தால் போதும் என்பதே அளவுகோல். சாதாரண நாளில் இரண்டு பக்கமும் கம்பி ஒரே அளவு இழுப்பதால் சிக்கலில்லை. ஒரு இடத்தில் போஸ்ட் விழுந்தோ கம்பி அறுந்தோ போனால் அடுத்த போஸ்டை ஒரு பக்கம் மட்டும் இழுக்கும். கம்பிக்கு 200 கிலோ என்றாலும் மூன்றுக்கும் 600. அந்தத் திசையில் போஸ்டால் தாங்க முடிவது 150 கிலோ (முறிக்கும் சுமை 600இல் கால்பங்கு). அது விழ, அதற்கடுத்தது விழ, இழுவையை நிறுத்த ஒரு ஸ்டே கம்பி (போஸ்டைச் சாயாமல் தரையோடு இழுத்துக் கட்டும் கம்பி) கிடைக்கும் வரை வரிசையாகப் போகும்.

ஆகவே எல்லாப் போஸ்டையும் இரும்பாக்குவதில் பணம் கொட்டுவதைவிட, எது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும், சரிவு எங்கே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து லைன் போடுவதுதான் சரி என்பது என் கருத்து.

அதைச் செய்வது பெரிய விஞ்ஞானமில்லை. பத்து போஸ்டுக்கு ஒருமுறை லைனை வெட்டி முடிக்கும் கட்-பாயின்ட் வைத்து, அங்கே இரட்டைப் போஸ்ட் நட்டு நாலு பக்கமும் ஸ்டே கட்டுங்கள். இடையில் ஐந்தாறு போஸ்டுக்கு ஒன்றில் காற்றுக்கு எதிராக இரண்டு பக்கமும் குறுக்கு ஸ்டே. கடற்கரை ஓரமானால் 60 மீட்டர் இடைவெளியை 40, 45 ஆகக் குறைக்கலாம். போஸ்ட் மீது வரும் கம்பிச் சுமை அதே விகிதத்தில் குறையும். வயலில் நடும் போஸ்டுக்கு 60 செமீ சதுரக் குழியில் 1:3:6 கான்கிரீட் (சிமென்ட், மணல், ஜல்லி); ஒன்றுக்கு அரை கன மீட்டர் பிடிக்கும். கொட்டிய அன்றே கம்பி இழுத்தால் அந்தக் கான்கிரீட் வெறும் கல்தான். ஒரு வாரமாவது விட வேண்டும்.

ஸ்டே விஷயத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். 16 மிமீ கம்பி, 1.8 மீட்டர் நீளம், அடியில் 30 செமீ சதுர இரும்புத் தகடு, அதைச் சுற்றிக் கான்கிரீட்: இது எல்லா ஸ்டோரிலும் இருக்கும் சாமான். கோணம் போஸ்டிலிருந்து 45 டிகிரி இருந்தால் நல்லது, 30க்குக் கீழே போகக் கூடாது. இடமில்லை என்று போஸ்டின் காலடியிலேயே ஊன்றுவார்கள். அப்போது ஸ்டே இழுக்காது, போஸ்டைக் கீழே அழுத்தும். உப்புக்காற்றில் கம்பி தரை மட்டத்தில்தான் துருப்பிடிக்கும். மேலே பளபளவென்று இருக்கும், மண்ணை ஒரு சாண் விலக்கினால் பென்சில் கனம்கூட இருக்காது. டிராக்டர் போக இடைஞ்சல் என்று அவிழ்த்துவிட்ட ஸ்டேக்களுக்கோ கணக்கே கிடையாது. ஸ்டேயில் கோர்க்கும், கரண்டைத் தடுக்கும் முட்டை வடிவ இன்சுலேட்டர் தரையிலிருந்து 3 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறுந்த கம்பி ஸ்டேயைத் தொட்டால் ஆளைக் கொல்லும்.

தோப்புப் பகுதிக்கு மேலுறை போட்ட கம்பி அல்லது ஏபி கேபிள் (உறை போட்ட கம்பிகளை ஒன்றாக முறுக்கியது) நல்ல தேர்வு. மட்டை விழுந்தாலும் லைன் டிரிப் ஆகாது. ஆனால் முறுக்கிய ஏபி கேபிள் வெறும் கம்பியைவிடப் பல மடங்கு கனமானது, காற்றுக்குக் காட்டும் பரப்பும் அதிகம். மரமே விழுந்தால் கேபிள் அறாது, போஸ்டை இழுத்துச் சாய்க்கும். அதனால் தொங்கு கிளாம்பில் குறிப்பிட்ட சுமைக்கு மேல் தானே விட்டுவிடும் பலவீன இணைப்பு இருப்பதைத்தான் வாங்க வேண்டும். கேபிள் முழுசாகக் கீழே இறங்கும், போஸ்ட் நிற்கும், மரத்தை அறுத்துவிட்டு அன்றே தூக்கிக் கட்டலாம். அதைச் சேமிப்பு என்று நினைத்துச் சாதாரண போல்ட்டில் கட்டினால் முழுப் பயனும் போச்சு. மேலுறைக் கம்பியில் இன்னொரு வம்பு: இடி மின்னலில் மின்வில் (காற்றில் தாவும் மின்பொறி) ஒரே இடத்தில் நின்று எரித்துக் கம்பியை அறுக்கும், அதற்கான பாதுகாப்புக் கருவியும் கூடவே போட வேண்டும். மேலுறை இருப்பதால் தொடலாம் என்றும் அர்த்தமில்லை.

கடற்கரையில் இரும்புக் கரு உள்ள அலுமினியக் கம்பி உள்ளிருந்து அரிக்கும். முழு அலுமினியக் கலவைக் கம்பி நீண்ட நாள் வரும். இன்சுலேட்டரில் ஊர்வு தூரம் (மேற்பரப்பு வழியாகக் கரண்ட் ஊர வேண்டிய நீளம்) கேவிக்கு 31 மிமீ உள்ள சிலிக்கான் வகை கேளுங்கள். புயல் போன மறுநாள் தூறலில் உப்புப் படிந்த பீங்கான்கள் படபடவென்று பொரிவதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

இனி புதைவடம். கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி நகரங்களில் உலக வங்கி உதவியோடு இந்தத் திட்டம் எடுக்கப்பட்டது. 2014 அக்டோபரில் ஹூத்ஹூத் புயல் அடித்த பிறகு விசாகப்பட்டினத்திலும் அப்படியே. நெருக்கமான ஊரில் கிலோமீட்டருக்கு ஆயிரக்கணக்கான இணைப்புகள் இருப்பதால் செலவு தகும். நாலு மோட்டார் பம்புசெட்டுக்காக இரண்டு கிலோமீட்டர் போகும் லைனுக்குத் தகாது. இன்னொன்றையும் யோசியுங்கள்: மேலே போகும் லைனில் கோளாறை லைன்மேன் சைக்கிளில் போய்க் கண்ணால் பார்ப்பார். 90 செமீ ஆழத்தில் இருக்கும் கேபிளில் கோளாறு என்றால் சோதனை வண்டி வந்து, இடம் குறித்து, தண்ணீர் நிற்கும் குழியைத் தோண்டி, ஜாயின்ட் போட வேண்டும். அந்த ஜாயின்டில் ஈரம் புகுந்தால் அடுத்த மழைக்கு அதுவே போகும். பெரிய மரம் வேரோடு பெயர்ந்தாலும் கேபிளைக் கூடவே கிழித்துக்கொண்டு வரும். சென்னையில் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் பல தெருக்கள் இருண்டு கிடந்ததற்குக் காரணம் கம்பி அறுந்ததல்ல. கேபிளிலிருந்து வீடுகளுக்குப் பிரிக்கும் தெருவோரப் பில்லர் பாக்ஸ்களிலும் சப்ஸ்டேஷன்களிலும் தண்ணீர் ஏறியதால் சப்ளையை நிறுத்த வேண்டியிருந்தது. புதைக்கிற ஊரில் பில்லர் பாக்ஸையும் ஆர்எம்யுவையும் (கேபிள்களைப் பிரித்து இணைக்கும் சுவிட்ச் பெட்டி) தெரிந்த உச்ச வெள்ள மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டராவது உயர்த்தாவிட்டால், காற்றுக்குத் தப்பித்து வெள்ளத்தில் மாட்டிக்கொள்ளும் வேலை அது.

சப்ஸ்டேஷனில் முதலில் காப்பாற்ற வேண்டியது டிரான்ஸ்பார்மரை அல்ல, பேட்டரி அறையை. பேட்டரி தரும் 110 வோல்ட் டிசி போனால் கோளாறைக் கண்டுபிடிக்கும் ரிலே குருடாகிவிடும், கரண்டை வெட்டும் பிரேக்கர் திறக்காது. அப்போது ஒரு சின்னக் கோளாறுகூட முழு நிலையத்தையும் எரித்துவிடும். தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டுச் சார்ஜ் செய்வது அடுத்த தவறு. மார்ஷலிங் பெட்டி (கட்டுப்பாட்டு வயர்கள் சேரும் பெட்டி), கேபிள் முனை எல்லாம் உலர்த்தி, மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்த்து, டிரான்ஸ்பார்மர் மூச்சுவிடும் பிரீதரில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மாற்றி, பிறகுதான்.

உயர் அழுத்தக் கோபுரங்கள் தனிக் கதை, சுருக்கமாக ஒன்று: காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியின் 2015 திருத்தம், கிழக்குக் கடற்கரையை ஒட்டிய சுமார் 60 கிமீ பட்டையில் புயலுக்குப் பின்னும் நின்றாக வேண்டிய கட்டுமானங்களுக்குக் காற்று வேகத்தை 1.30ஆல் பெருக்கச் சொல்கிறது. விசை 1.69 மடங்காகும்.

மீட்பு வேகத்துக்கு லைன் பிரிப்புதான் உயிர். மருத்துவமனையும் குடிநீர் நீரேற்றமும் நாற்பது பம்புசெட்டோடு ஒரே 11 கேவி ஃபீடரில் தொங்கினால், கடைசிப் பம்புசெட் போஸ்ட் நிமிரும் வரை மருத்துவமனையும் காத்திருக்கும். நடுநடுவே லைனைத் துண்டாகப் பிரிக்கும் ஏபி சுவிட்சோ செக்‌ஷனலைசரோ போட்டு, இரண்டு சப்ஸ்டேஷனிலிருந்து ஊட்டும்படி வைத்தால் விழுந்த துண்டை வெட்டிவிட்டு மிச்சத்துக்கு அன்றே கொடுக்கலாம். போஸ்ட், கிராஸ் ஆர்ம், ஜம்பர், குழி தோண்டும் ஆகர் எல்லாம் அக்டோபருக்குள் கடற்கரையிலிருந்து தள்ளி, லாரி போகும் மேட்டில் இருக்க வேண்டும். அவசரத்தில் பழைய குழியிலேயே பழைய அளவுப் போஸ்டை நட்டு லைட் எரியவைப்பது தவிர்க்க முடியாதது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் போஸ்ட்களின் பட்டியலை அப்போதே எழுதி வைத்து, கோடையில் திரும்பி வந்து ஸ்டேயும் கான்கிரீட்டும் போடாததுதான் குற்றம்.

வீட்டில் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ப்ளக்கில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுத்தால், அது சர்வீஸ் வயர் வழியாகத் தெரு டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பிப் போகும். 230 வோல்ட் உள்ளே போனால் மறுபக்கம் சுமார் 10,000 வோல்ட்டாக வெளியே வரும், லைன் கிளியர் (லைனில் கரண்ட் இல்லை என்ற அனுமதி) வாங்கிவிட்டு அறுந்த கம்பியைக் கையில் பிடித்திருப்பவர் மேல். அதனால்தான் வேலை செய்யும் இடத்தின் இரண்டு பக்கமும் கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போட்ட பிறகே கம்பியைத் தொட வேண்டும் என்கிறார்கள். உங்கள் பக்கம் மெயின் சுவிட்சை இறக்கி வைப்பது போதாது, இருட்டில் யாராவது ஏற்றிவிடுவார்கள். நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் சேஞ்ச்ஓவரை எலக்ட்ரீஷியனை வைத்து மழைக்காலத்துக்கு முன்பே மாட்டிவிடுங்கள்.