"டூரிஸ்ட் பஸ் மாதிரி இருக்கு" – கடிதம்

அன்புள்ள அண்ணா,

பழைய ஏர் இந்தியா விமானங்களின் ஜன்னல் வளைவுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு ஊர் வேலந்தாவளம். கோவையில் படிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இருந்தபோது போனில் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்ற விளையாட்டுக்கு ஸ்கின், அதாவது பஸ்ஸுக்கான வண்ணக்கோலம், செய்வேன். இப்போது கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் என்ற விமான விளையாட்டுக்கு லிவரி, அதாவது விமானத்துக்கான வண்ணக்கோலம், செய்கிறேன். நம்ம ஊர்ப் பெயரில் ஒரு கற்பனை விமான நிறுவனம், விமானம் ஏ320 நியோ. இரண்டு பக்கமும் நெற்றிப்பட்டம் கட்டிய யானை, வால் முழுக்கக் கதகளி முகம், வயிற்றில் வயலும் கரிம்பனையும், மூக்கிலிருந்து வால் வரை தங்க நிறப் பட்டை. நண்பர்கள் குழுவில் படத்தைப் போட்டதும் ஒருத்தர் "டூரிஸ்ட் பஸ் மாதிரி இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். போதாததற்கு அந்தப் பட்டை மூக்குக்குப் பக்கத்தில் உடைந்து நிற்கிறது. எவ்வளவு நகர்த்தினாலும் சேரமாட்டேன் என்கிறது. அப்பா வேறு, "இல்லாத விமானத்துக்குப் பெயிண்ட் அடிச்சு என்ன ஆகப்போகுது" என்கிறார். படங்களை இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

ச.
வேலந்தாவளம்

*

அன்புள்ள ச.,

பஸ் என்று சொன்னதை வசவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாலக்காட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு வண்ணம் என்றால் என்ன என்று காட்டியதே டூரிஸ்ட் பஸ்தான். 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் டூரிஸ்ட் பஸ் விபத்து நடந்த பிறகு, டூரிஸ்ட் பஸ் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதியைக் கேரளத்தில் கறாராக்கிவிட்டார்கள். அதன்பிறகு ரோட்டில் வெள்ளைதான். அந்தப் பழைய கோலங்கள் உங்களைப் போன்ற பையன்களின் போன்களில்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால் உங்கள் பழைய ஸ்கின்களை அழித்துவிடாதீர்கள். என்றைக்காவது ஒருநாள் யாராவது தேடி வருவார்கள்.

ஆனால் உங்கள் நண்பர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பஸ்ஸின் பக்கவாட்டுப் பகுதி ஒரு சுவர். அதைப் பத்தடி தூரத்தில் நின்று பார்க்கிறோம், திருவிழாக் கூட்டத்தில், ராத்திரி விளக்கில். அங்கே எவ்வளவு நிரப்பினாலும் தாங்கும். விமானம் ஒரு குழாய். அதன் பாதி எப்போதும் நம் கண்ணிலிருந்து வளைந்து போய்க்கொண்டே இருக்கிறது. தூரத்தில் ஓடுபாதையிலோ தலைக்கு மேலோதான் பார்க்கிறோம். உங்கள் யானையின் முதுகு கூரைப் பக்கம் போய்விட்டது, கால்கள் இறக்கைக்கு அடியில் மாட்டிக்கொண்டன. நடுவில் தெரிவது ஒரு காதும் இருபது ஜன்னலும்தான்.

அடுத்து, நிஜ விமானத்தின் வண்ணத்துக்குக் காரணம் இருக்கும். 1996இல் ஏர் பிரான்ஸின் கான்கார்ட் விமானம் ஒன்றுக்குப் பெப்சி விளம்பரத்துக்காக நீலம் அடித்தார்கள். உடலுக்கும் வாலுக்கும்தான் நீலம். இறக்கையை வெள்ளையாகவே விட்டுவிட்டார்கள். ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் போகும்போது தோல் சூடேறும், இறக்கைக்குள் இருப்பதோ எரிபொருள். அப்படியும் அந்த நீல உடலோடு அந்த இரண்டு மடங்கு வேகத்தில் (மாக் 2) இருபது நிமிடத்துக்கு மேல் பறக்க வேண்டாம் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். இன்னொரு பக்கம், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பல பத்தாண்டுகள் அலுமினியத்தை அப்படியே பாலிஷ் போட்டுப் பறந்தது. 2013இல் கோலத்தை மாற்றியதற்கு ஒரு காரணம், புதிதாக வந்த 787 போன்ற விமானங்களின் உடல் உலோகமே இல்லை என்பது. பாலிஷ் போட அங்கே எதுவும் கிடையாது. மற்ற நிறுவனங்கள் வெள்ளையைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கும் காரணம் உண்டு: வெயிலில் குறைவாகச் சூடாகும், விரிசலும் எண்ணெய்க் கசிவும் கண்ணில் படும், குத்தகை முடிந்து வேறு நிறுவனத்துக்குப் போகும்போது வேலை மிச்சம். சிமுலேட்டரில் எதுவும் சூடாகாது, குத்தகையும் கிடையாது. ஆனாலும் இதையெல்லாம் யோசித்துச் செய்த லிவரியைப் பார்த்தவுடன் "இது எங்கேயோ நிஜமா ஓடுது" என்று தோன்றிவிடுகிறது. உங்களுடையதில் எனக்கு அது தோன்றவில்லை.

அதனால் வரைவதற்கு முன்னால் அந்த நிறுவனத்தை ஒழுங்காகக் கற்பனை செய்யுங்கள். பாலக்காட்டில் விமான நிலையம் இல்லை. உங்கள் நிறுவனம் கோவையிலிருந்துதான் கிளம்ப வேண்டும். கொச்சி, பெங்களூரு, திருவனந்தபுரம் என்று சின்னத் தூரங்களுக்குப் போகும். அப்படியானால் ஏ320 எதற்கு? ஏடிஆர் 72 என்ற புரொப்பல்லர் விமானம் போதுமே. அதுவும் அந்த சிமுலேட்டருக்குக் கிடைக்கிறது. அதில் இறக்கை மேலே இருப்பதால் ஜன்னலுக்குக் கீழே நீளமாக இடம் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: புரொப்பல்லருக்கு நேராக உடலில் தனியாக ஒரு தகடு இருக்கும். புரொப்பல்லரிலிருந்து தெறிக்கும் பனிக்கட்டி உடலைக் குத்தாமல் இருப்பதற்காக வைத்தது. எழுத்தை அதன் மேல் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

சரி, உடைந்த பட்டைக்கு வருவோம். டெக்ஸ்சர் என்பது தையற்காரர் வெட்டிப் போட்ட துணி. விமானத்தின் தோலை உரித்துத் தட்டையாகப் பரப்பியிருக்கிறார்கள். உடல் ஒரு துண்டு, மூக்கு ஒரு துண்டு, வால் ஒரு துண்டு. துண்டுக்குத் துண்டு அளவும் கோணமும் மாறும். நீங்கள் தட்டைப் படத்தில் நேர்கோடு போட்டுவிட்டு விமானத்தில் நேராக வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள். வராது. மூக்கு இரண்டு திசையிலும் வளைகிறது. முதலில் டெக்ஸ்சர் முழுக்கச் சின்னக் கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்தும் எண்ணும் எழுதி, அதையே லிவரியாக ஏற்றிப் பாருங்கள். உடல் துண்டின் எந்தக் கட்டம் மூக்குத் துண்டின் எந்தக் கட்டத்தைத் தொடுகிறது என்று ஸ்கிரீன்ஷாட்டில் அப்படியே தெரிந்துவிடும். அதைக் குறித்துக்கொண்டு பட்டையின் இரண்டு முனைகளையும் அந்த இடங்களில் வைத்து, நடுவில் வளைத்துக்கொண்டு வாருங்கள். தட்டைப் படத்தில் பார்க்கக் கோணலாக இருக்கும். இருக்கட்டும். இன்னொன்று, வண்ணத்தைத் துண்டின் விளிம்போடு நிறுத்தாமல் சில பிக்சல்கள் வெளியேயும் இழுத்துவிடுங்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது சிமுலேட்டர் டெக்ஸ்சரைச் சுருக்கிக் காட்டும், அப்போது விளிம்புக்கு வெளியே இருக்கும் நிறம் உள்ளே கசிந்து வெள்ளைக் கீறலாகத் தெரியும். உங்கள் மூன்றாவது படத்தில் தெரிவது அதுதான்.

எல்லா அளவையும் ஜன்னல் வரிசையிலிருந்து எடுங்கள். விமானத்தில் நம்பக்கூடிய நேர்கோடு அது ஒன்றுதான். ஏர் இந்தியா 1971இல் போயிங் 747ஐக் கொண்டுவந்தபோது ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் சிவப்பில் ஜரோகா (அரண்மனை மாடம்) வளைவு போட்டார்கள். அதை லிவரியாகச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு வளைவை வரைந்து வரிசையாக நகல் ஒட்டிக்கொண்டே போகலாம், நடுப்பகுதியில் எல்லாம் கச்சிதமாக உட்காரும். மூக்குப் பக்கம் போகப்போக வளைவின் ஒரு கால் நீண்டு ஒரு கால் குட்டையாகிவிடும். அங்கே ஒவ்வொன்றையும் கையால்தான் திருத்த வேண்டும்.

உங்கள் யானையைப் பற்றி ஒரு வார்த்தை. இடது பக்கம் அது மூக்கைப் பார்த்து நடக்கிறது. வலது பக்கம் அதே படத்தை அப்படியே ஒட்டியிருக்கிறீர்கள், அதனால் அங்கே வாலைப் பார்த்து நடக்கிறது. விமானம் முன்னால் போக, யானை பின்னால் போகிறது! உருவத்தைத் திருப்ப வேண்டும், எழுத்தை மட்டும் திருப்பக்கூடாது. நம்ம பக்கத்திலேயே, சூலூர் விமானப்படைத் தளத்தில் வான் சாகசம் செய்யும் சாரங் குழுவின் ஹெலிகாப்டர்கள் இருக்கின்றன. சிவப்பு உடலில் மயில். அந்தப் படங்களை எடுத்து வைத்துப் பாருங்கள். ஹெலிகாப்டரின் உடம்பையே மயிலின் உடம்பாக்கி, தோகையை வால் பக்கம் நீட்டிவிட்டார்கள். தனியாக வரைந்த மயிலைக் கொண்டுவந்து ஒட்டவில்லை. உங்களிடம் இருப்பதில் இப்படி உட்காரக்கூடியது கரிம்பனை ஒன்றுதான். தண்டு வாலின் பின்விளிம்பை ஒட்டி ஏறட்டும், ஓலை உச்சியில் விரியட்டும், ஒரே நிறத்தில். கதகளியை விட்டுவிடுங்கள். அதைக் கேரள சுற்றுலாத் துறை ஏற்கெனவே போதுமான அளவுக்குப் பயன்படுத்திவிட்டது. யானையையும்தான், மனம் வராது என்றாலும்.

கதவுகளை மறந்திருக்கிறீர்கள். பயணிகள் விமானத்தில் அவசர வழிகளைச் சுற்றி இரண்டு அங்குல அகலத்தில், சுற்றியுள்ள நிறத்திலிருந்து பிரிந்து தெரியும்படி ஒரு பட்டை இருந்தாக வேண்டும். வெளியிலிருந்து வரும் மீட்புக்காரனுக்குக் கதவு எங்கே என்று தெரிய வேண்டும் அல்லவா? உங்கள் தங்கப் பட்டை முன்கதவை அப்படியே விழுங்கிவிட்டது. இந்திய விமானங்களுக்கு விடி என்று தொடங்கும் பதிவெழுத்துக்கும் அளவு உண்டு: உடலில் குறைந்தது 30 சென்டிமீட்டர், இறக்கையில் 50. இந்த இரண்டையும் சரியாக வைத்தாலே பாதி நிஜம் வந்துவிடும்.

பளபளப்பு கொஞ்சம் அதிகம். நிறத்துக்கான டெக்ஸ்சர் தவிர இன்னொன்று இருக்கிறது இல்லையா, அதில் பச்சை நிறத்தின் அளவு (பச்சைச் சேனல்) சொரசொரப்பைச் சொல்லும், நீலத்தின் அளவு (நீலச் சேனல்) உலோகத்தன்மையைச் சொல்லும். உள்ளே அலுமினியம்தானே என்று நீங்கள் நீலத்தை முழுக்க ஏற்றிவிட்டீர்கள். பெயிண்ட் அடித்த இடத்தில் கண்ணுக்குத் தெரிவது பெயிண்ட், உலோகம் இல்லை. அங்கே பூஜ்யம் வையுங்கள். இறக்கையின் முன்விளிம்பு, எஞ்சினின் வாய் வளையம் போன்ற பாலிஷ் போட்ட இடங்களுக்கு மட்டும் ஏற்றுங்கள். அழுக்கு வேண்டுமானால் காற்று போகும் திசையில், முன்னிருந்து பின்னாக. ரிவெட்டும் தகட்டுக் கோடுகளும் உள்ள லேயர் எப்போதும் வண்ணத்துக்கு மேலே இருக்கட்டும்.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. கோப்பைச் சேர்த்தபிறகு, எல்லாக் கோப்புகளையும் பட்டியலிடும் லேஅவுட் கோப்பைப் புதுப்பிக்காவிட்டால் சிமுலேட்டர் அதைக் கண்டுகொள்ளாது. பகிரும்போது உங்கள் டெக்ஸ்சரை மட்டும் பகிருங்கள். அடுத்தவர் செய்த விமான மாடலைச் சேர்த்து அனுப்புவது திருட்டு.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். வாதத்தால் அவர் மனம் மாறப்போவதில்லை. அடுத்த முறை அவர் கோவைக்குக் கிளம்பும்போது கூடப் போய் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்துங்கள். மேலே போகும் விமானத்தின் வயிற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். அவர் படித்துச் சொல்வதை வைத்து எழுத்தின் அளவை முடிவு செய்துகொள்ளலாம்.

திருத்தியதும் படம் அனுப்புங்கள், இரண்டு பக்கமும். மத்தியான வெயிலில் எடுத்ததாக இருக்கட்டும். நீங்கள் அனுப்பிய எல்லாமே சாயங்கால வெளிச்சத்தில் எடுத்தவை. அந்த நேரத்தில் எந்த விமானமும் அழகாகத்தான் இருக்கும்.